குழுவில் போட்ட செய்தி

எனக்கு வாய் அதிகம். இருபது வருடமாக உத்தனப்பள்ளிப் பக்கத்து அரசுப் பள்ளிகளில் கத்திக் கத்திப் பாடம் நடத்தி வந்த வாய். அதனால் ஒரு பிள்ளையின் வாழ்க்கையே கைநழுவிப் போகப் பார்த்தது என்பதை இப்போதும் பயமில்லாமல் சொல்ல முடியவில்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை மதியம், பத்தாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி எல்லோரும் சாப்பிடப் போன பிறகும் என் மேசையருகே நின்றாள்.

"மிஸ், வெள்ளிக்கிழமையில இருந்து நான் வரமாட்டேன். மாமாவுக்குக் கட்டி வெக்கறாங்க. பார்டர் தாண்டி ஒரு கோயில்ல."

மாமா என்றால் அம்மாவின் தம்பி. ஓசூரில் ஒரு கம்பெனியில் கான்ட்ராக்ட் வேலை. இங்கே பெண் பிறந்ததுமே தாய்மாமனுக்கு என்று பேசி வைத்துவிடுவார்கள். கல்யாணத்தைக் கர்நாடகத்தில் வைத்துக்கொண்டால் நம்மூர் அதிகாரிகள் வரமாட்டார்கள் என்று ஒரு கணக்கு.

"எனக்குப் படிக்கணும் மிஸ். நான் சொன்னேன்னு யாருக்கும் தெரியக்கூடாது."

சத்தியம் செய்யாத குறையாகத் தலையாட்டினேன். உடனே குழந்தைகள் உதவி எண்ணுக்குப் போன் போட்டேன். மாவட்டக் குழந்தைப் பாதுகாப்பு அலகிலிருந்து ஒரு பெண் அதிகாரி பேசினார். வியாழன் காலை போலீசோடு வீட்டுக்கு வருவதாகச் சொன்னார். அத்தோடு நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம்.

எங்கள் ஊராட்சியில் குழந்தைகள் பாதுகாப்புக் குழு ஒன்று உண்டு. அதற்கு ஒரு வாட்ஸ்அப் குழுவும் உண்டு. கூட்டம் போட்டால் போட்டோ, மரம் நட்டால் போட்டோ, எதைச் செய்தாலும் அதில் ஏற்றிவிட வேண்டும், இல்லாவிட்டால் செய்ததாகவே ஆகாது. அந்தப் பழக்கத்தில் அன்று சாயந்திரம் பதிவு போட்டேன்: "பத்தாம் வகுப்பு மாணவிக்கு வெள்ளிக்கிழமை திருமணம் எனத் தகவல். வியாழன் காலை அனைவரும் தயாராக இருக்கவும்." பெயர் போடவில்லை. என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன். வரிசையாகக் கட்டைவிரல்கள் வந்தன. வார்டு உறுப்பினர் கும்பிட்ட கை போட்டிருந்தார்.

புதன்கிழமை காலை அவள் இடம் காலியாக இருந்தது. பக்கத்தில் உட்காருகிறவள் சொன்னாள், "ராவோட ராவா கூட்டிட்டுப் போயிட்டாங்க மிஸ். நாளைக்கே முகூர்த்தமாம்."

அந்த ஊரில் வெள்ளிக்கிழமை கல்யாணம் வைத்திருந்த பத்தாம் வகுப்புப் பெண் ஒருத்திதான். வார்டு உறுப்பினர் அவளுக்குச் சித்தப்பா முறை. குழுவில் இருந்த எல்லோருக்கும் அது தெரியும். எனக்கும் தெரியும்.

அதிகாரிக்குப் போன் செய்தேன்.

"வேற யாருகிட்டயாச்சும் சொன்னீங்களா டீச்சர்?"

சொன்னேன்.

"சரி, இப்ப உங்களத் திட்ட நேரமில்ல. எந்தக் கோயில்னு மட்டும் கண்டுபிடிங்க."

கண்டுபிடித்தது நான் அல்ல, எங்கள் ஊர் கிராம நர்ஸ். அவருக்குக் கன்னடம் தண்ணீர் பட்ட பாடு. அந்தப் பக்கத்து அங்கன்வாடி டீச்சர்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, "மதுவே, மதுவே" என்று எந்தக் கோயிலில் கல்யாணம் எனக் கேட்டுக்கொண்டே இருந்தார். பதினோரு மணிக்கு ஒரு கோயில் பெயர் கிடைத்தது. ஓசூர் போலீஸ் அந்தப் பக்கத்துப் போலீசுக்குச் சொன்னது. அவர்கள் எழுத்தில் கேட்டார்கள். எழுதி அனுப்பி ஜீப் கிளம்பினால் சோதனைச் சாவடியில் லாரிகள் அடைத்துக்கொண்டு நின்றனவாம். நான் ஒன்பதாம் வகுப்பில் சாக்பீஸைப் பிடித்தபடி நின்றேன். என்ன எழுதினேன் என்று தெரியாது. அவளை அடிப்பார்களோ, இன்றைக்கே கட்டிவிடுவார்களோ, நான்தான் சொன்னேன் என்று அவளுக்குத் தெரிந்துவிடுமோ. அந்தக் கடைசிப் பயம் எனக்கு வந்ததே, அதை நினைத்தால்தான் இன்றும் என்மேல் எரிச்சலாக இருக்கிறது.

மூன்று மணிக்கு நர்ஸ் ஓடிவந்தார். "கெடச்சுட்டா டீச்சர். நலங்கு வெச்சுட்டு இருந்தாங்களாம். தாலி ஏறல." மாணவர்கள் பார்க்கப் பார்க்க அழுதுவிட்டேன்.

மறுநாள் கிருஷ்ணகிரியில் குழந்தைகள் நலக் குழு முன்னால் அவளை உட்கார வைத்திருந்தார்கள். முகத்தில் மஞ்சள் இன்னும் போகவில்லை. இடது கன்னம் வீங்கியிருந்தது. வெளியே அவள் அம்மா மண்ணை வாரித் தூற்றிக்கொண்டிருந்தாள். கொஞ்ச நாள் காப்பகத்தில் இருக்கட்டும் என்று முடிவானது.

"உன்னை வந்து பாக்கறவங்க பேரு எழுதணும்மா. டீச்சர் பேரை எழுதிக்கட்டுமா?" என்று அதிகாரி கேட்டார்.

அவள் என்னைப் பார்க்காமலே சொன்னாள்.

"வேணாம் மேடம். அவங்ககிட்ட எதையும் சொல்ல முடியாது."