கியரில் விட்ட வண்டி

சாவி வெளியே வராத அந்த வியாழக்கிழமையை நினைத்தால் எனக்கு முதலில் ஞாபகம் வருவது கால்வலிதான். என் வீட்டுக்காரரோடு ஏற்காடு டவுனுக்குப் போய் மாத்திரையும் காய்கறியும் வாங்கிக்கொண்டு வாழவந்திக்குத் திரும்பி, வீட்டுக்கு முன்னால் சரிவில் காரை நிறுத்தியபோது மணி நாலு இருக்கும். தூறிக்கொண்டிருந்தது. மறுநாள் வெள்ளி. செவ்வாயும் வெள்ளியும் என் வீட்டுக்காரருக்குச் சேலத்தில் டயாலிசிஸ். விடியற்காலை ஐந்து மணிக்கு மலையை விட்டுக் கிளம்பினால்தான் ஏழு மணிக்கு அவருடைய படுக்கை அவருக்குக் கிடைக்கும். தாமதமானால் அடுத்த ஆளைப் படுக்க வைத்துவிடுவார்கள். நாங்கள் சாயங்காலம் வரை வராந்தாவில் காத்துக் கிடக்க வேண்டியதுதான்.

அவர் முப்பது வருஷம் சேலத்துக்கும் ஏற்காட்டுக்கும் பஸ் ஓட்டியவர். இருபது கொண்டை ஊசி வளைவையும் பேசிக்கொண்டே திருப்புவார். ஒரு நாள்கூட வண்டியை எதிலும் உரசியதில்லை என்பதை வீட்டுக்கு வருகிற எல்லோரிடமும் சொல்லிவிடுவார். சர்க்கரை அவருடைய கிட்னி இரண்டையும் தின்று முடித்த பிறகு, திடீரென்று பிரஷர் இறங்கி மயக்கம் வரும், இனி ஸ்டேரிங்கைத் தொடக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். நான் அதுவரை டீச்சர், அவரும் என்னை அப்படித்தான் கூப்பிடுவார். அன்றிலிருந்து டிரைவர். வேலையை முன்கூட்டியே எழுதிக் கொடுத்துவிட்டு, ஐம்பத்தியோரு வயதில் சேலத்தில் ஒரு டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்து எல் போர்டு மாட்டிக்கொண்டு ஓட்டினேன். மேட்டில் கிளச்சை விட்டு வண்டியை எடுக்கத் தெரியாமல் நான் அழுததைக் கேட்டுவிட்டுத்தான், பெங்களூரில் இருக்கிற மகள் கிளச்சே இல்லாத பழைய ஆட்டோமேட்டிக் கார் ஒன்றை வாங்கிக் கொடுத்தாள். அவர் அதற்கு வைத்த பெயர் பொம்மை வண்டி.

எங்கள் மலையில் வண்டி வைத்திருக்கிறவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. சரிவில் நிறுத்தினால் ஹேண்ட் பிரேக்கை மட்டும் நம்ப மாட்டார்கள். கியரில் போட்டுவிட்டுத்தான் இறங்குவார்கள், இறங்கியதும் சக்கரத்துக்கு ஒரு கல்லை அண்டக் கொடுப்பார்கள். ஆட்டோமேட்டிக் வண்டியில் இந்தக் கியர் சமாச்சாரம் கிடையாது. லீவரை ‘பி’ என்று போட்டிருக்கிற இடத்துக்குத் தள்ளிவிட்டால் சக்கரம் பூட்டிக்கொள்ளும். இதை நான் அவருக்கு எத்தனையோ தடவை சொல்லிவிட்டேன். கேட்டுக்கொள்வார், நம்ப மாட்டார். ஒவ்வொரு முறை நிறுத்தும்போதும் கியர்ல போட்டியா என்று கேட்பார். போட்டேன் என்பேன். மறுபடியும் பாடம் எடுக்க எனக்குத் தெம்பில்லை, முப்பது வருஷம் எடுத்தது போதும்.

அன்றைக்கும் அப்படித்தான் கேட்டார், நானும் சொன்னேன். கல்லையும் வைத்தேன். டயாலிசிஸுக்கு முந்தின நாள் அவருக்கு உடம்பெல்லாம் நீர் கோத்து மூச்சு வாங்கும். வந்தவுடன் இறங்கி நடக்க முடியாது. அதனால் சாவியை வண்டியிலேயே விட்டு ரேடியோவைப் போட்டுவிட்டு, அவரைப் பக்கத்து சீட்டிலேயே உட்கார வைத்துவிட்டு, நான் பைகளைத் தூக்கிக்கொண்டு உள்ளே போவேன். அடுப்பைப் பற்றவைத்து, அவருக்கு அளந்து கொடுக்கிற அரை டம்ளர் காப்பியைப் போட்டுவிட்டு வந்து அவரையும் சாவியையும் சேர்த்து உள்ளே கூட்டிப் போவேன். ஒன்றரை வருஷமாக இதுதான் எங்கள் நடைமுறை.

அன்று திரும்பி வர கால் மணி நேரம் ஆகியிருக்கும். அவர் இடத்தில் அவர் இருந்தார். முகம் வேர்த்திருந்தது, மூச்சு கொஞ்சம் அதிகமாக வாங்கியது. நாளைக்குச் சரியாகிவிடும் என்று நினைத்துக்கொண்டேன். ரேடியோவை நிறுத்த டிரைவர் சீட்டில் ஏறி உட்கார்ந்தேன். கால் பிரேக் வரைக்கும் எட்டவில்லை. காலை நீட்டக்கூடத் தெம்பில்லாமல் போய்விட்டதா என்று எனக்கே என் மேல் எரிச்சலாக வந்தது. சாவியைத் திருப்பினேன். பாதி தூரம் வந்து நின்றுகொண்டது. அதற்கு மேல் திரும்பவும் இல்லை, வெளியே வரவும் இல்லை.

இழுத்தேன், ஆட்டினேன், முன்னுக்குத் திருப்பிப் பின்னுக்குத் திருப்பினேன். ஸ்டேரிங்கை இரண்டு பக்கமும் ஆட்டிப் பார்த்தேன். விரல்தான் சிவந்தது. வேறு நாளாக இருந்தால் அவர் இப்படித் திருப்பு, அப்படித் திருப்பு என்று என் உயிரை எடுத்திருப்பார். அன்றைக்கு என்னவோ கண்ணாடி வழியாக மிளகுக் கொடியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பக்கத்து வீட்டுக்காரர் மண்வெட்டியோடு வந்துகொண்டிருந்தவர் என்னைப் பார்த்து நின்றார். காப்பியும் பலாவும் வைத்திருக்கிறவர், ஒரு பழைய பிக்கப் வண்டி ஓட்டுகிறவர், நல்ல மனுஷர். நான் விஷயத்தைச் சொன்னதும் மண்வெட்டியைச் சாத்திவிட்டு வேலையில் இறங்கிவிட்டார். சக்கரம் ரோட்டோரக் கரையில் முட்டிக்கொண்டு நின்றால் ஸ்டேரிங் இறுகிச் சாவியைப் பிடித்துக்கொள்ளும் என்று சொல்லி, வண்டியைப் பின்னாலிருந்து தோளால் முட்டினார். வீட்டுக்குள் போய்த் தேங்காய் எண்ணெய் கொண்டுவந்து சாவித் துவாரத்தில் விட்டார். கடைசியாகத் தலையை உள்ளே நீட்டி லீவரைப் பார்த்தார்.

“கியர்லதான உட்டிருக்கறீங்க டீச்சர். அதெல்லாம் செரியாத்தான் இருக்குது. சாவிதான் கோளாறுங்க” என்றார்.

எனக்கு அது காதில் விழுந்தது, மண்டையில் ஏறவில்லை. டேஷ்போர்டில் விளக்கு எரிந்துகொண்டே இருந்தது. சாவி முழுக்கத் திரும்பாமல் இப்படியே கிடந்தால் பேட்டரி விடிவதற்குள் தீர்ந்துவிடும், காலையில் வண்டி கிளம்பாது என்று பக்கத்து வீட்டுக்காரர் சொன்னபோதுதான் எனக்கு மறுநாள் டயாலிசிஸ் ஞாபகம் வந்தது. ஐந்து மணிக்கு வாழவந்தியிலிருந்து எந்த பஸ்ஸும் இல்லை. என் வீட்டுக்காரரை டூவீலரில் வைத்துக் கூட்டிப் போகவும் முடியாது. பிக்கப்பில் வருகிறேன் என்றார் பக்கத்து வீட்டுக்காரர். அவர் மனசு பெரிது, அந்தப் பிக்கப்பின் பிரேக்கைத்தான் ஊரே அறியும்.

டவுனில் இருக்கிற மெக்கானிக்குக்குப் போன் போட்டேன். அவர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். “ஆட்டோமேட்டிக் வண்டிங்களாம்மா? லீவரு ‘பி’யில இருக்குதுங்களான்னு பாருங்க.”

பார்த்தேன். லீவர் ‘டி’யில் இருந்தது. ‘டி’ என்றால் முன்னால் ஓட்டுகிற இடம்.

‘பி’யில இருந்தாத்தான் சாவி வெளிய வரும், பிரேக்கை நல்லா மிதிச்சுக்கிட்டு ‘பி’க்குத் தள்ளுங்கம்மா என்றார். சீட்டின் விளிம்புக்கு நகர்ந்து உட்கார்ந்து, காலை எட்டி மிதித்துத் தள்ளினேன். சாவியைத் திருப்பினேன். எண்ணெய் வழிய வழிய, வெண்ணெயில் குத்திய கத்தி மாதிரி கையோடு வந்துவிட்டது. டேஷ்போர்டு விளக்கும் அணைந்தது. போனை வைப்பதற்கு முன்னால் மெக்கானிக் ஒன்றைச் சொன்னார். இஞ்சினை அணைத்துவிட்டு ‘டி’யில் விட்டால் இந்த வண்டி கியரில் நிற்காது, ஹேண்ட் பிரேக் மட்டும்தான் அதைப் பிடித்துக்கொண்டிருந்திருக்கும், பார்த்து இருங்கள் என்றார்.

நான் இறங்கி முன் சக்கரத்தைப் பார்த்தேன். நான் வைத்த கல் மண்ணுக்குள் பாதி அழுந்தியிருந்தது. வண்டி அதன் மேல்தான் சாய்ந்துகொண்டிருந்தது. சரிவு முடிகிற திருப்பத்தில் தண்ணீர்க் குழாய் இருக்கிறது. எஸ்டேட் வேலை முடிந்து வந்த பெண்கள் நாலைந்து பேர் குடத்தை வரிசையில் வைத்துவிட்டுப் பேசிக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி என்னைப் பார்த்துக் கையை ஆட்டினாள். நான் திருப்பி ஆட்டவில்லை.

போன மாதம்தான் குப்பனூர் வழியாகத் திரும்பி வரும்போது ஒரு நொடி கண்ணயர்ந்து இடது பக்கக் கண்ணாடியைக் கரையில் இடித்து உடைத்தேன். மகள் போனில் அழுதாள். இன்னொரு தடவை இப்படி ஏதாவது ஆனால் வீட்டைப் பூட்டிவிட்டுச் சேலத்துக்கு வந்துவிட வேண்டும், ஆஸ்பத்திரிக்குப் பக்கத்துத் தெருவில் கீழ் போர்ஷன் ஒன்று பார்த்து வைத்திருக்கிறேன் என்றாள். அவருக்கு மலையை விட்டு இறங்குவது என்றாலே முகம் சுண்டிவிடும். சேலத்து வெயிலில் நான் நாலே மாதத்தில் போயிருவேன் என்பார். அதற்காகத்தான் நானும் முடியாது என்று சொல்லி வந்தேன்.

இப்போது அந்த இன்னொரு தடவையும் வந்துவிட்டது. ஒன்றரை வருஷம் ஓட்டியவள், லீவர் எங்கே இருக்கிறது என்று பார்க்காமல் இறங்கிப் போயிருக்கிறேன். இனி நான் ஓட்டக் கூடாது. இதை நினைக்க நினைக்க எனக்குப் பயமாக இருந்தது, ஆனால் பயத்துக்கு அடியில் வேறு ஒன்றும் இருந்தது. நாலு மணிக்கு அலாரம் வைக்க வேண்டாம். பனியில் முன்கண்ணாடியைத் துடைக்க வேண்டாம். ஆஸ்பத்திரிக்கு ஆட்டோவில் ஐந்து நிமிஷம். அந்தக் கீழ் போர்ஷனில் எந்த மூலையில் கட்டிலைப் போடலாம் என்றுகூட யோசிக்க ஆரம்பித்துவிட்டேன்.

அவரை உள்ளே கூட்டி வந்து நாற்காலியில் உட்கார வைத்து, காப்பியைச் சூடு பண்ணிக் கொடுத்தேன். மகள் தினமும் ஆறு மணிக்குப் போன் பண்ணுவாள். அதற்கு முன்னால் அவரிடம் சொல்லிவிட வேண்டும்.

“ஏனுங்க, சேலத்துக்கே போயிரலாங்க. என்னால முடியலீங்க. லீவரு எங்க கெடக்குதுன்னுகூடப் பாக்காம எறங்கிப் போயிருக்கறேன். அந்தப் பொம்பளைங்க மேல ஏறியிருந்தா என்னாகறது?”

அவர் டம்ளரைப் பார்த்துக்கொண்டே இருந்தார். எவ்வளவு குடித்தோம் என்று பார்க்கிறாரோ என்று நினைத்தேன்.

“நீ எறங்கும்போது செரியாத்தான் இருந்துது டீச்சர்” என்றார். “நாந்தான் மாத்தினேன்.”

நான் நம்பவில்லை. என்னைத் தேற்றுவதற்குச் சொல்கிறார் என்றுதான் தோன்றியது.

“நீ உள்ளார போனதும் அந்தப் பக்கமாச் சுத்தி வந்து ஒக்காந்தேன். பாத்தா வண்டி கியர்ல இல்ல. சரிவுல நிக்குது, கீழ தண்ணி புடிக்கறாங்க. மனசு கேக்கல. போட்டு உட்டுட்டேன்.”

எதற்காக அங்கே போய் உட்கார்ந்தீர்கள் என்று கேட்டேன். சும்மாதான் என்றார். டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, ஸ்டேரிங்கைத் தொட்டு ஒன்றரை வருஷமாச்சு என்றார்.

வேர்த்த முகமும் வாங்கிய மூச்சும் அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அந்த உடம்பை வைத்துக்கொண்டு கதவைத் திறந்து, வண்டியைப் பிடித்துப் பிடித்துச் சுற்றி வந்து, ஏறி உட்கார்ந்து, மறுபடியும் தன் இடத்துக்கு வந்திருக்கிறார். என்னுடைய கால் பிரேக்குக்கு எட்டாமல் போனதும் அதனால்தான். அவர் உயரமானவர், சீட்டைப் பின்னால் தள்ளிப் போட்டிருக்கிறார். இழுத்து வைக்க மறந்துவிட்டார்.

எனக்குப் பரிதாபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை, கோபம்தான் வந்தது. ஒரு மணி நேரம் வாயை மூடிக்கொண்டு என்னைத் தவிக்க விட்டாரே என்ற கோபம் கொஞ்சம். அதற்கு மேலே இன்னொரு கோபம். இனி ஓட்ட வேண்டாம் என்று சொல்ல எனக்கு ஒரு காரணம் கிடைத்திருந்தது, அதை அவர் உண்மையைச் சொல்லிப் பிடுங்கிக்கொண்டுவிட்டார். நான் தப்புச் செய்தவளாக இருந்த அந்த ஒரு மணி நேரத்தில் எவ்வளவு நிம்மதியாக இருந்திருக்கிறேன் என்று எனக்கே வெட்கமாக இருந்தது.

மலையை விடப் பயந்து பேசாமல் இருந்தவர், பேசாமல் இருந்தால் மலையே போய்விடும் என்று தெரிந்ததும் பேசினாரா, இல்லை, என் முகத்தைப் பார்க்க முடியாமல் பேசினாரா, தெரியாது. நான் கேட்கவில்லை. ஆறு மணிக்கு மகள் கூப்பிட்டாள். வண்டி எப்படி இருக்கிறது என்று கேட்டாள். நன்றாக இருக்கிறது என்றேன். அவர் அந்தப் பக்கம் திரும்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

மறுநாள் ஐந்து மணிக்குக் கிளம்பினோம். ஏழுக்கு ஐந்து நிமிஷம் முன்னால் அவருடைய படுக்கை அவருக்குக் கிடைத்தது.

இப்போதெல்லாம் சாவியை எடுத்துக்கொண்டுதான் உள்ளே போகிறேன். ரேடியோ கேட்க என் போனைக் கொடுத்துவிடுகிறேன். கதவை மட்டும் பூட்டுவதில்லை. காப்பி போட்டுவிட்டு நான் திரும்பி வரும்போது அவர் இடத்தில் அவர் உட்கார்ந்திருப்பார், லேசாக மூச்சு வாங்கும். கியர்ல போட்டியா என்று கேட்பார், போட்டேன் என்பேன். வெள்ளிக்கிழமை விடியற்காலை இருட்டில் வண்டியில் ஏறினால் என் கால் பிரேக்குக்கு எட்டாது. சீட்டை முன்னுக்கு இழுத்துப் போட்டுக்கொண்டு கிளம்புகிறேன்.