செயின் வண்டிக்குப் புளித்தண்ணீர்

எங்கள் வீட்டில் வருஷத்துக்கென்று எடுத்துவைத்திருந்த புளியை ஒரே ராத்திரியில் ஒரு இஞ்சின் குடித்துத் தீர்த்தது. இப்போது சொன்னால் யாரும் நம்புவதில்லை. எனக்கு அப்போது ஒன்பது வயது. குவைத் என்று யார் பேச்செடுத்தாலும் அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொள்வேன்.

சித்தூர் ஜில்லாவில், புத்தலப்பட்டுக்கு அந்தப்பக்கம், கரட்டின் அடியில், அரசாங்கம் எங்களுக்கு இரண்டு ஏக்கர் பட்டா கொடுத்திருந்தது. அதுவரை எங்கள் வம்சத்தில் யார் பேரிலும் ஒரு சாண் மண் இருந்ததில்லை. கொடுத்ததென்னவோ உண்மை, ஆனால் கொடுத்த இடம் மேடும் பள்ளமும் கல்லுமாகக் கிடந்தது. ஏர் கட்டினால் கலப்பைதான் முறியும். அந்த வருஷங்களில் எங்கள் பக்கத்துப் பெண்கள் வீட்டு வேலைக்குக் குவைத் போய்க்கொண்டிருந்தார்கள். எங்கள் தெருவிலேயே இரண்டு பேர் போயாகிவிட்டது. அம்மாவின் போட்டோவும் சித்தூரில் ஒரு ஏஜெண்டின் மேசையில் இருந்தது.

என் அப்பா, நைனா, ஒரு காண்ட்ராக்டரிடம் செயின் வண்டி ஓட்டிக்கொண்டிருந்தார். டயருக்குப் பதிலாக இரும்புச் சங்கிலிமேல் ஊர்ந்துபோகும் பழைய டீசல் டிராக்டர் அது. முன்னால் மண் தள்ளும் பெரிய தகடு இருக்கும். கொஞ்ச நாளாக அது அரைமணி நேரம் ஓடினால் கொதித்து நின்றுவிடும். காண்ட்ராக்டர் புதிதாக மஞ்சள் நிறத்தில் டயர் வண்டி வாங்கிவிட்டார், பழசைக் காயலான் கடைக்கு விற்றுவிட்டார். வெள்ளிக்கிழமை லாரி வந்து ஏற்றிப்போகும். அதுவரை நம் நிலத்தில் ஓட்டிக்கொள்ளட்டுமா என்று நைனா தலையைச் சொறிந்தபோது, "நடிஸ்தே நடுப்புக்கோ" என்றாராம். ஓடினால் ஓட்டிக்கொள். கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்ததுபோல நைனா ஓடிவந்தார். அன்றைக்குத் திங்கட்கிழமை.

சோற்றுத் தட்டின் முன்னால் உட்கார்ந்து அவர் அம்மாவிடம் சொன்னார். "நெலம் சமமாயிட்டா பயிர் வெச்சிக்கினு இங்கியே கெடக்கலாம். நீ இன்னாத்துக்குப் போவணும்?"

அம்மா குழம்பை ஊற்றிவிட்டு, "மொதல்ல வண்டி ஓடட்டும்யா" என்றாள்.

வண்டி ஓடினால் அம்மா போகமாட்டாள் என்று நானாக அதற்கு அர்த்தம் எழுதிக்கொண்டேன். எழுதியவள் நான், கையெழுத்துப் போட்டவள் அம்மா என்று நினைத்துக்கொண்டதுதான் என் பிசகு.

நைனா ரேடியேட்டரின் மேல்தொட்டியைப் பிரித்தார். உள்ளே மெல்லிய குழாய்கள் வரிசையாக இருந்தன. பாதிக் குழாய்களில் வெள்ளையாகக் காறை பிடித்து அடைத்திருந்தது. அம்மா எட்டிப்பார்த்து, "வெந்நீர்த் தவலையில புடிக்கிற உப்புதானே இது, புளி போட்டாப் போயிடும்" என்றாள். நைனாவுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. பன்னிரண்டு வருஷம் வண்டி ஓட்டியவருக்குப் பாத்திரம் தேய்க்கிறவள் பாடம் சொல்கிறாள். "வண்டிக்கு ரசம் வெச்சு ஊத்தச் சொல்றா பாரு" என்று என்னிடம் சொன்னார். கம்பியால் குத்தி, தட்டி, ஊதிப் பார்த்தும் காறை அசையாததால், சாயங்காலம் வாயை மூடிக்கொண்டு தவலையை அடுப்பில் ஏற்றினார். அம்மா புளியைக் கரைத்து, சக்கை ஒரு துளியும் போகக்கூடாதென்று வேட்டித் துணியில் இரண்டு தரம் வடிகட்டிக் கொடுத்தாள். இஞ்சின், ரேடியேட்டர் இரண்டையும் நிரப்பி ஊறவிட்டார்கள்.

காலையில் திறந்துவிட்டபோது செம்மண் நிறத்தில் தண்ணீரும், அதோடு அப்பளத்துண்டுபோல வெள்ளைச் செதில்களும் கொட்டின. நைனா அம்மாவைப் பார்க்காமலே தலையை ஆட்டினார். பிறகு சைக்கிள் கம்பியை விட்டு ஒவ்வொரு குழாயையும் குடைந்தார். தண்ணீர் பம்ப்பு ஒழுகிய இடத்தில் கிரீஸில் தோய்த்த நூல்கயிற்றைத் திணித்தார். வெடித்த ரப்பர் குழாயைச் சைக்கிள் டியூபால் சுற்றிக் கட்டினார்.

எந்தத் தண்ணீரை ஊற்றுவது என்பதிலும் அம்மா சொன்னதே நடந்தது. எங்கள் தெரு போர் தண்ணீரில் பருப்பு வேகாது. பருப்பு வேகாத தண்ணீர்தான் காறையும் கட்டும் என்றாள். பருப்பு பஞ்சாக வேகும் தண்ணீர் ஒரு மைல் தள்ளியிருந்த ஏரியில் இருந்தது. அம்மாவும் நானும் புதன்கிழமை காலையிலிருந்து ஆளுக்கொரு பிளாஸ்டிக் குடம் சுமந்தோம்.

அன்று மத்தியானம் வண்டி நிலத்தில் இறங்கியது. அரைமணி ஆயிற்று, ஒருமணி ஆயிற்று, கொதிக்கவில்லை. சூடு காட்டும் முள் எப்போதோ செத்துவிட்டதால், நைனா தகட்டைப் பார்க்க, அம்மா அவர் பக்கத்தில் ஏறி உட்கார்ந்து ரேடியேட்டரைப் பார்த்துக்கொண்டாள். வழியில் போன பெண்கள் வாயில் முந்தானையை வைத்துச் சிரித்தார்கள். எனக்கு ஒரே பெருமை. மேடு ஒவ்வொன்றாகச் சரியச் சரிய, குவைத் ஒவ்வொரு அடியாகத் தூரம் போனது.

வியாழக்கிழமை உச்சிவேளையில் விசிறி பெல்ட் கழன்று விழுந்தது. பம்ப்பு நின்றது. குபுகுபுவென்று ஆவி. நைனா இஞ்சினை நிறுத்திவிட்டு பெல்ட்டைத் தேடி வண்டிக்குக் கீழே ஊர்ந்தார். அம்மா ஈரச் சாக்கை ரேடியேட்டர் மூடிமேல் போட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு, மெல்லத் திருகினாள். சீறிக்கொண்டு ஆவி வந்தது. தண்ணீர் இல்லாவிட்டால் இஞ்சின் செத்துவிடும் என்று நைனா நூறு தரம் சொல்லிக் கேட்டிருந்தேன். நாளைக்கு லாரி. எனக்கு வேறொன்றும் தோன்றவில்லை. நிறைகுடத்தோடு சங்கிலிமேல் ஏறி, திறந்த வாயில் சாய்க்கப் போனேன்.

அம்மா குடத்தைத் தட்டிவிட்டாள். அது சங்கிலிப் பல்லில் விழுந்து இரண்டாகப் பிளந்தது. அடுத்த நொடி என் கன்னத்தில் விழுந்தது அறை. அதுவரை அவள் என்னை அடித்ததில்லை.

"காஞ்ச சட்டியில பச்சத்தண்ணி ஊத்துவியா மே? வெடிச்சுப் பூடாது?"

கீழேயிருந்து நைனா, "வுடு, கொயந்த" என்றார். பெல்ட்டோடு வெளியே வந்து அதை மாட்டினார்.

இஞ்சின் ஆறக் காத்திருந்தோம். மிஞ்சிய ஒரே குடத்தில் அம்மா தனியாக நாலு நடை போய்வந்தாள். வண்டி மறுபடி உறுமியபோது வெயில் சாய்ந்துவிட்டது. கண் தெரிகிறவரை நைனா ஓட்டினார். வெள்ளிக்கிழமை விடிந்ததுமே லாரி வந்துவிட்டது. இரண்டு ஏக்கரும் தாம்பாளம்போல இருந்தது, வடக்கு மூலையைத் தவிர. ஒரு வீடு கட்டுமளவு இடம், நடுவில் ஒரு பாறை.

அடுத்த மாதம் அம்மா குவைத் போனாள்.

பஸ் ஏறும்போது என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். நான் அழவில்லை. நான் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். குடம் உடையாமலிருந்தால் இரண்டு நடை மிச்சம். அந்த நேரத்தில் வடக்கு மூலையும் முடிந்திருக்கும். முடிந்திருந்தால் அம்மா போயிருக்கமாட்டாள். குற்றவாளி யாரென்று எனக்குத் தெளிவாகத் தெரிந்தது.

மறுநாள் பள்ளிக்கூடம் விட்டதும் களைக்கொத்தியை எடுத்துக்கொண்டு வடக்கு மூலைக்குப் போனேன். தினமும் போனேன். கை கொப்பளித்தது. பத்தாம் நாளோ என்னவோ நைனா பின்னாலேயே வந்துவிட்டார்.

"இன்னாமே பண்ணிக்கினு கீற?"

"இத்த முட்ச்சிட்டா அம்மா வந்துடும்ல, நைனா."

 அவர் வீட்டுக்குப் போய்க் கடப்பாரையோடு திரும்பி வந்து, பாறையின் அடியில் செருகி நெம்ப ஆரம்பித்தார்.

சமமான நிலம் தண்ணீர் கேட்கும். போர் போடவேண்டும், மோட்டார் இறக்கவேண்டும். அம்மா போனது அதற்காக. அந்த நிலம் கல்லும் மேடுமாகவே கிடந்திருந்தால் ஒருவேளை அவள் போயிருக்கமாட்டாள். இது நைனாவுக்கு அன்றைக்கே தெரியும். தெரிந்தேதான் கடப்பாரையால் நெம்பினார்.

பொங்கலுக்கு முன்னால் அந்த மூலையும் சமமாகிவிட்டது. நான் கைகால் கழுவி, தலை வாரி, பவுடர் போட்டுக்கொண்டு பஸ் நிற்கும் இடத்துக்குப் போனேன். நைனாவும் சட்டையை மாட்டிக்கொண்டு கூடவே வந்தார். திருப்பதியிலிருந்தும் சித்தூரிலிருந்தும் பஸ்கள் வந்துவந்து போயின. ஒவ்வொரு பஸ் நின்றபோதும், இறங்குகிறவர்களை என்னோடு சேர்ந்து அவரும் பார்த்தார்.