ஜன்னல் சாய்ந்த படங்கள்

ஸ்டூடியோக்காரருக்குக் கோணல் என்றாலே ஆகாது. பாஸ்போர்ட் படத்துக்கு வந்து உட்கார்ந்தவர்களை, "தாடையை இறக்குங்க, தலை நேரா, இன்னும் கொஞ்சம்" என்று முப்பது வருஷமாகப் படுத்தி எடுத்தவர். அப்படியும் யாராவது சாய்ந்து தொலைத்தால், படத்தையே லேசாகத் திருப்பித் தலையை நிமிர்த்திவிடுவார். அந்த வேலையில் அவர் புலி. புலிதான், யார் இல்லை என்றது?

அவருடைய ஒரே மகள் வேலைக்காகக் கடல் தாண்டிப் போனபோது தன் முயலை அவரிடம் விட்டுப்போனாள். பஞ்சு என்று கூப்பிடுவாள். "நான் வந்து கூட்டிட்டுப் போற வரைக்கும் பாத்துக்கோங்கப்பா" என்றாள். ஞாயிறு தவறாமல் பஞ்சுவின் படம் அவளுக்குப் போகும். தாயில்லாத வீட்டில் அப்பனுக்கும் மகளுக்கும் மிச்சமிருந்த பேச்சே அதுதான்.

ஒரு நாள் காலையில் பஞ்சு நிற்கமுடியாமல் உருண்டு உருண்டு விழுந்தது. கண் இரண்டும் இப்படியும் அப்படியுமாகத் துடித்தன. கூடையோடு கால்நடை டாக்டரம்மாவிடம் ஓடினார்.

"தலை எப்போலேருந்து சாய்ஞ்சிருக்கு?"

"சாயவே இல்லைங்களே டாக்டர். வாராவாரம் படம் எடுத்திருக்கேன், பாருங்க."

டாக்டரம்மா போனை வாங்கி ஒவ்வொன்றாகத் தள்ளினார். "தலை நேராத்தான் இருக்கு. ஆனா உங்க வீட்டு ஜன்னல் ஏன் வாராவாரம் சாய்ஞ்சுக்கிட்டே போகுது?"

அவர் போனை வாங்கிப் பார்த்தார். மூன்று ஞாயிறாக, 'கழுதை, தலையைச் சாய்ச்சுக் கொஞ்சுது பார்' என்று சிரித்துக்கொண்டே படத்தைத் திருப்பியது அவர் கைதான். பழக்கதோஷம். பாவி மனுஷன், கண்ணிருந்தும் குருடன்.

"மூளையில ஒட்டுண்ணி புகுந்திருக்கும்னு நினைக்கிறேன். சாய ஆரம்பிச்சப்பவே வந்திருந்தா மருந்து கேட்டிருக்கும். இருபத்தெட்டு நாள் குடுத்துப் பாருங்க. ரொம்ப நம்பிக்கை வெச்சுக்காதீங்க" என்றார் டாக்டரம்மா.

உருளாமலிருக்க இரண்டு பக்கமும் துண்டைச் சுருட்டி அண்டக்கொடுத்தார். மருந்தையும் கரைத்த தீனியையும் ஊசியில்லாத சிரிஞ்சில் ஊட்டினார். பாதிக்குமேல் வாயோரம் வழிந்தது. ஐந்தே நாளில் முதுகெலும்பு கையில் தட்டியது. பிழைக்காது என்று அவருக்கே தெரிந்துவிட்டது.

ஞாயிறு வந்தது. படம் எடுத்தார். விரல் தானாகத் திருப்பப் போனது, இழுத்துக்கொண்டார். ஜன்னல் நேராக இருந்தது. பஞ்சுவின் தலை ஒரு பக்கமாகத் திருகிக் கிடந்தது. அப்படியே அனுப்பினார்.

மகள் உடனே கூப்பிட்டாள். திட்டவில்லை.

"எப்போலேருந்துப்பா?"



"நான் அனுப்பின படத்தையெல்லாம் எடுத்து, ஜன்னலைப் பாரும்மா" என்றார்.