ஒன்றும் இரண்டும் சமமான மத்தியானம்

ஒன்றும் இரண்டும் சமம் என்று கணினி ஒப்புக்கொண்ட அந்த மத்தியானத்தில், ஜன்னலுக்கு வெளியே உட்துறைமுகத் தண்ணீர் அசையாமல் கிடந்தது. மாணவி தட்டச்சுப் பலகையிலிருந்து கைகளை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். பிழை என்றால் திரையில் சிவப்புக் கோடு விழும். சரி என்றால் சின்னதாக ஒரு பச்சை அடையாளம். பச்சைதான் வந்திருந்தது. "சேர், இதையும் ஓம், சரி எண்டு சொல்லுது," என்றாள். பக்கத்தில் யாரோ நித்திரை கொள்கிறார்கள் என்பதுபோல மெதுவாகச் சொன்னாள். எனக்கு முதலில் வந்தது பயமல்ல, எரிச்சல். மூன்று மாதமாக அவள் இதைத்தான் வேறு வேறு விதமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள், நான்தான் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

திருகோணமலையில் இருந்துகொண்டு நிரல்மொழி ஆராய்ச்சி செய்கிறேன் என்றால் என் சொந்தக்காரருக்கே விளங்காது. எங்கள் ஊரான சல்லியில் என்னைக் 'கொம்பியூட்டர் திருத்துறவர்' என்றுதான் சொல்வார்கள். கலியாண வீட்டுக்குப் போனால் பழுதான பிரிண்டரைக் கொண்டுவந்து முன்னால் வைப்பார்கள். உண்மையில் நாங்கள் செய்வது வேறு. கணினிக்கு நிரல் எழுதுவதற்கென்று ஒரு புது மொழியை உருவாக்குவோம். அதில் எழுதப்படும் எந்த நிரலும் பாதி வழியில் செய்வதறியாமல் நின்றுவிடாது என்பதைக் கணிதமாக நிறுவுவோம். அந்த நிறுவலை மனிதர் திருத்துவதில்லை, இன்னொரு மென்பொருள் வரி வரியாகச் சோதிக்கும். வருடத்துக்கு ஒன்றிரண்டு பிள்ளைகள் இந்தப் பைத்தியத்தில் வந்து விழுவார்கள். அவர்களை ஒரு கட்டுரை எழுதவைத்து, வெளிநாட்டில் கலாநிதிப் படிப்புக்கு அனுப்பிவிடுவதை என் வேலையாக நானே எடுத்துக்கொண்டேன். போன பிள்ளைகளின் பெயரைச் சொல்லிப் பீற்றிக்கொள்வதில் எனக்கிருந்த ஆசையையும் மறைக்க ஏலாது.

எங்கள் ஆய்வறையில் ஒரு வழக்கம் உண்டு. நிறுவல் நீளமானது, ஒரு படியில் சிக்கிக்கொண்டால் வாரக்கணக்கில் நகராது. அப்படிச் சிக்கும்போது, "இதை இப்போதைக்கு உண்மை என்று வைத்துக்கொள்" என்று மென்பொருளிடம் சொல்லிவிட்டு மேலே போகலாம். அது மறுபேச்சில்லாமல் நம்பிவிடும். அதனால் அப்படி ஓர் எடுகோளை வைத்தவர் அதை வெண்பலகையின் இடது ஓரத்தில் எழுதி, பக்கத்தில் தன் பெயரைப் போடவேண்டும். பிறகு ஒழுங்காக நிறுவி முடித்ததும் அவரேதான் அழிக்கவேண்டும். இந்தச் சட்டத்தைப் போட்டவன் நான். புதிதாக வருகிற ஒவ்வொருவருக்கும் இதைச் சொல்லி, கொஞ்சம் மிரட்டியும் வைப்பேன்.

அவள் குறிஞ்சாக்கேணியிலிருந்து பஸ்ஸில் வருவாள். என்னிடம் படித்தவர்களில் அவளைப் போலப் பொறுமைசாலி இல்லை. இறுதி ஆண்டு முடிந்த பிறகும் ஒரு வருடம் உதவியாளராக இருந்து, தன் நிறுவலை எழுதினாள். ஒருநாள் அவளுடைய வாப்பா கூட வந்தார். வயல் செய்கிற மனிதர், வெள்ளைச் சட்டையின் மடிப்புக் கலையாமல் கதிரை நுனியில் இருந்தார். "சேர், புள்ளட படிப்புல எனக்கு ஒண்டும் விளங்காது," என்றார். "வெளிநாடு போக நான் ஓம் எண்டு சொல்லிட்டன். குடும்பத்துல ஒருத்தருக்கும் விருப்பமில்ல. ஒரு பிழை வந்தாலும் என்னால திரும்பக் கதைக்க ஏலாது. நீங்கதான் பாத்துக்கொள்ளணும்." பார்த்துக்கொள்கிறேன் என்றேன். அந்த நேரத்தில் அதை மனதாரத்தான் சொன்னேன்.

அதற்குப் பிறகுதான் நிறுவல் வேகமாக நகரத் தொடங்கியது. ஒரு மாதம் பிடிக்கும் என்று நான் நினைத்த படிகள் ஒரே நாளில் முடிந்தன. அவள் சந்தோஷப்படவில்லை. "சேர், எனக்குப் பயமா இருக்கு. நான் கேட்டு முடிக்க முந்தியே ஓம் எண்டு சொல்ற மாதிரி இருக்கு," என்றாள். "பிழை வந்தாலும் அழுறீர், சரி வந்தாலும் அழுறீர். உம்மை வைச்சுக்கொண்டு நான் என்ன செய்ய?" என்று பகிடி பண்ணினேன். அவள் சிரித்தாள். ஆனால் அதன்பிறகு அந்த அறையில் தனியே இருக்க விரும்பாமல், நான் வரும்வரை வெளியே நின்றாள். கேட்டதற்கு, "உள்ள ஆரோ தலையாட்டிக்கிட்டு இருக்கிற மாதிரி," என்றாள்.

எனக்கு அது விளங்கியிருக்கவேண்டும். என் அப்பா சீனன்குடா எண்ணெய்த் தாங்கிகளில் காவல் வேலை பார்த்தவர். சின்ன வயதில் ஒரு தடவை என்னை வெறுமையாகக் கிடந்த பெரிய இரும்புத் தாங்கி ஒன்றுக்குள் கூட்டிக்கொண்டு போனார். வெளியே பட்டப்பகல், உள்ளே இருட்டும் துருவாடையும். 'ஆரும் இருக்கிறியளா' என்று விளையாட்டாகக் கத்தினேன். 'இருக்கிறியளா' என்று திரும்பி வந்தது. 'ஒருத்தரும் இல்லை' என்று கத்தினேன். அதுவும் அப்படியே, அதே உறுதியோடு திரும்பி வந்தது. எதைச் சொன்னாலும் ஒத்துக்கொள்கிற இடத்தில் நின்றால் உடம்பு கூசும் என்று அன்று அறிந்தேன். நான் அழ, அப்பா கையைப் பிடித்து வெளியே இழுத்துவந்தார்.

கட்டுரையை அனுப்பும் நாளில் கடைசிச் சோதனை என் பொறுப்பு. ஒரு கட்டளை போட்டால், நிறுவாமல் விடப்பட்ட எடுகோள்கள் எல்லாம் பட்டியலாக வரும். போட்டேன். ஐந்து பெயர்கள் வந்தன. நான்கு உலகம் முழுவதும் ஒத்துக்கொண்டவை. ஐந்தாவதும் பழகிய பெயர்போல இருந்தது. மூடிவிட்டேன். கட்டுரை ஏற்கப்பட்டது. அதை வைத்தே ஒரு பல்கலைக்கழகம் அவளுக்கு இடம் தர ஒப்புக்கொண்டது. வாப்பா என்னைத் தொலைபேசியில் அழைத்து, இறைவனிடம் எனக்காகத் துவா செய்தார். அதற்கு அடுத்த வாரம்தான் அவள் ஒன்றும் இரண்டும் சமம் என்று எழுதிப் பார்த்தாள்.

நான்கு நாள் தேடினோம், அவள் ஒரு கணினியில், நான் ஒரு கணினியில். வெள்ளிக்கிழமை அவள் நேரத்தோடு போன பிறகு நான் கண்டுபிடித்தேன். எல்லாக் கோப்புகளுக்கும் அடியில் கிடந்த பழைய கோப்பில் ஒரு வரி: எந்த இரண்டு பெயரை எடுத்தாலும் அவை வேறு வேறானவை. எங்கள் துறையில் எல்லாரும் பேச்சுவழக்கில் சொல்லிக்கொள்வது இது. நிரலில் வரும் மாறிகளின் பெயர்கள் ஒன்றோடொன்று மோதாது என்று வைத்துக்கொள்வோம் என்போம், சொல்லிவிட்டு மேலே போவோம். ஆனால் கணினியிடம் அப்படிச் சொல்லக்கூடாது. ஒரே பெயரை இரண்டு தரம் எடுத்தால், அது தன்னிலிருந்தே வேறானது என்று ஆகிவிடும். அந்த ஒரு பொய்யை நம்பிய பிறகு அதற்கு எல்லாமே உண்மைதான். வெண்பலகையில் அது எழுதப்பட்டிருக்கவில்லை. எந்த வரியை யார் எழுதினார் என்று பதிவு இருக்கும், திறந்து பார்த்தேன். என் பெயர் இருந்தது.

அதை எழுதியதாக எனக்கு நினைவே இல்லை. இன்றைக்கும் இல்லை. அவள் நிறுவல் வேகமெடுப்பதற்குச் சற்று முந்திய ஒரு சாதாரண புதன்கிழமை, காலை பதினொரு மணி என்று பதிவு சொன்னது. அந்த நேரம் இந்தக் கதிரையில், இந்த ஜன்னலுக்கு முன்னால் இருந்து, என் விரல்களால் யார் அதை எழுதியது? என் பெயரை நான் திரும்பத் திரும்ப வாசித்தேன். பார்க்கப் பார்க்க அது வேறொருவனின் பெயராகிக்கொண்டு வந்தது. அந்த வரியை எடுத்துவிட்டுப் பார்த்தேன், திரை மேலிருந்து கீழ்வரை சிவந்தது. சொன்னால் வெட்கம், அந்தச் சிவப்பைக் கண்டதும் ஒரு நிம்மதி வந்தது.

திங்கட்கிழமை அவளிடம் சொல்வதென்று போனேன். வெண்பலகையின் இடது ஓரத்தில் அந்த வரி அவள் கையெழுத்தில் இருந்தது. பக்கத்தில் அவளுடைய பெயர். எனக்கு முதலே கண்டுபிடித்திருக்கிறாள். கட்டுரையை மீளப் பெறுகிறேன், பிழை என்னுடையது என்று கட்டுரையை ஏற்றவர்களுக்கும் இடம் தந்த பல்கலைக்கழகத்துக்கும் எழுதியும் விட்டாள். "ஏன் பிள்ளை?" என்றேன். "உங்கட பேர் கெட்டா, பின்னால வாற புள்ளைகளுக்கு நீங்க குடுக்கிற கடிதத்த ஆரும் நம்பமாட்டாங்க சேர். நான் படிக்கிறவதானே, பிழை விடலாம்." வேண்டாம் என்றேன். ஒரே ஒரு தரம்தான் சொன்னேன். அவள் பையை எடுத்துக்கொண்டு போனாள். நான் கதிரையில் இருந்து, அவள் சொன்னதில் நியாயம் இருக்கிறது என்று எனக்கே நிறுவிக்கொண்டேன். அதற்கும் உள்ளே யாரோ ஓம் என்று தலையாட்டினான். கோழைத்தனத்துக்கு அதைவிட நல்ல பெயர் என்னிடம் இல்லை.

இடம் போய்விட்டது. அவள் ஊரில் ஒரு பாடசாலையில் கணிதம் படிப்பிக்கப் போனாள். என் பெயர் கெடவில்லை, அவளுக்குப் பின்னால் மூன்று பிள்ளைகள் என் கடிதத்தோடு வெளிநாடு போனார்கள். ஆனால் மத்தியான வேளையில் பச்சை அடையாளம் சட்டென்று விழுந்தால் இப்போது நான் அதை நம்புவதில்லை. உடனே பொய்யான ஒரு வரியை எழுதிப் பார்ப்பேன். அது சிவந்தால்தான் மூச்சு வரும்.

போன மாதம் இன்னொரு பல்கலைக்கழகத்திலிருந்து கடிதம் வந்தது. அவள் மறுபடி விண்ணப்பித்திருக்கிறாள். முந்தைய கட்டுரை ஏன் மீளப் பெறப்பட்டது என்று மேற்பார்வையாளர் விளக்கவேண்டுமாம். இந்தத் தடவை உண்மையை எழுதினேன். எந்த வரி, எந்த நாள், யாருடைய கை, யார் மௌனமாக இருந்தது, எல்லாம். அனுப்பிவிட்டு அவளை அழைத்து, எழுதியதை முழுவதும் வாசித்துக் காட்டினேன். நான்கு வருடத்துக்குப் பிறகு, பெரிய காரியம் செய்துவிட்டவன்போல அவள் சொல்லப்போகும் நன்றிக்காகக் காத்திருந்தேன்.

"கேட்டுதோ பிள்ளை?" என்றேன்.

"வாப்பா போன வருஷம் மௌத்தாகிட்டார் சேர்," என்றாள். "நான் விட்ட பிழை எண்டு நெனச்சிட்டுத்தான் கண்ண மூடினார். ஒருநாளும் என்ன ஏசல்ல."