அண்ணனின் நெஞ்சில் தங்கிய கல்மாவு

எங்கள் அண்ணன் மறைந்து ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரை வாங்கும் உறவினர்களே, உங்களில் பலர், அவர் காசநோயால் இறந்தார் என்றே நினைத்திருக்கிறீர்கள். அது உண்மையல்ல. அதைச் சொல்லவே தங்கையாகிய நான் எழுதுகிறேன்.

மதுரைக்கு மேற்கே, சோளமும் பருத்தியும் விளைந்த ஒரு சிற்றூரில் அண்ணன் பிறந்தார். அப்பா திடீரென இறந்ததால் பத்தாம் வகுப்போடு படிப்பை விட்டு, ஊருக்கு வெளியே இருந்த கல்குவாரிக்கு வேலைக்குப் போனார். அங்கே ஓராள் ஆழம் செம்மண்ணை அள்ளினால், அடியில் வெடிப்பே இல்லாத சாம்பல் நிறக் கிரானைட் விரிந்து கிடக்கும். பாறைக்குள் நரம்பு எந்தப் பக்கம் ஓடுகிறதென்று சுத்தியலால் தட்டிப் பார்த்தே அண்ணன் சொல்லிவிடுவார். அதை ஒட்டி வரிசையாகத் துளையிட்டால் வீடு அளவுக் கல்லும் பிசிறில்லாமல் பிரிந்து வரும்.

இருபது ஆண்டுகளுக்கு மேல் அவர் துளை போடும் மெஷினைப் பிடித்தார். தண்ணீர் விட்டுக்கொண்டே துளையிட்டால் தூசி அடங்கும். குவாரிக்குத் தண்ணீர் லாரி வருவது நின்ற பிறகு, காய்ந்த பாறையிலேயே துளையிடச் சொன்னார்கள். முகத்தில் ஒரு துண்டைக் கட்டிக்கொண்டு அதையும் செய்தார். அந்த உழைப்பில்தான் நான் படித்தேன், மதுரை ஆரப்பாளையத்தில் வாழ்க்கைப்பட்டேன்.

நாற்பது வயதில் இருமல் பிடித்தது. டி.பி. என்று மாத்திரை கொடுத்தார்கள். குறையவில்லை. மறுபடியும் கொடுத்தார்கள். வைத்தியத்துக்காக அண்ணனும் மதினியும் எங்கள் மாடி வீட்டுக்கு வந்து தங்கினார்கள். நான் அவருக்குத் தனித் தட்டும் தனி டம்ளரும் வைத்தேன். என் மகளை அவர் பக்கத்தில் விடவில்லை.  அண்ணன் டம்ளரைத் தானே கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போவார்.

பிறகொரு நாள், ஆஸ்பத்திரிக்குப் புதிதாக வந்த பெண் டாக்டர் எக்ஸ்ரேயைப் பார்த்துவிட்டு, என்ன வேலை செய்தீர்கள் என்று கேட்டார். அதுவரை யாரும் அதைக் கேட்டதில்லை. பாறையில் கண்ணாடிபோல் மின்னும் மணிகள் தூளாகி நுரையீரலில் படிந்திருக்கின்றன, இது சிலிகோசிஸ், யாருக்கும் ஒட்டாது, ஆனால் குணமாக்க மருந்தும் இல்லை என்றார்.

"அந்த மணி இல்லாட்டி எங்க கல்லு பளபளக்காதே, டாக்டர்" என்றார் அண்ணன்.

வீட்டுக்கு வந்ததும் அவர் காலைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

"நீயும் பிள்ளைக்காரி. நானா இருந்தாலும் அப்படித்தேன் செஞ்சிருப்பேன்" என்றார்.

மறுநாளே அவருக்கு வேறொரு தவிப்பு வந்தது. அவரோடு ஒரே மெஷினைப் பிடித்த நண்பரும் இருமிக்கொண்டிருந்தார். ஆட்டோவில் அண்ணனை ஊருக்கு அழைத்துப் போனேன். ஆட்டோவை விட்டு இறங்கி, பத்தடிக்கு ஒருதரம் நின்று மூச்சு வாங்கி நண்பரின் வீட்டை அடைந்தார்.

"மாப்ள, ஆஸ்பத்திரியில கல்லு வேலைன்னு சொல்லு. மெஷினை விட்ரு."

நண்பர் தரையையே பார்த்தார். "விட்டுட்டு எங்க போறது? மகனும் அங்கதான் லாரி ஓட்டுறான். நான் வாயத் திறந்தா அவனையும் நிப்பாட்டிருவாங்க."

திரும்பும் வழியெல்லாம் அண்ணன் அழுதார். அப்பா இறந்த நாளில்கூட அவர் அழுது நான் பார்த்ததில்லை.

நோய்க்குக் காரணம் குவாரி வேலைதான் என்று அரசாங்கத்தில் பதிய, அங்கே வேலை பார்த்ததற்குச் சான்று வேண்டும். குவாரி அலுவலகத்துக்கு நான்கு முறை போனேன். அப்படி ஒருவர் தங்கள் பதிவேட்டிலேயே இல்லை என்றார்கள்.

கடைசி நாட்களில் அண்ணனால் படுக்க முடியவில்லை. மடியில் தலையணையை வைத்துக் குனிந்தே உட்கார்ந்திருப்பார். மதினி முதுகைத் தாங்கிக்கொள்வார். "இம்புட்டு காத்து இருக்கு, எனக்குள்ள போகமாட்டேங்குது" என்பார். ஒரு மாலை என்னை அருகில் அழைத்தார்.

"நான் அங்க வேலை பாத்தேன்னு ஒத்துக்கிட்டாங்களா?"

"இல்லண்ணே" என்றேன்.

பொய் சொல்லியிருக்கலாம். எனக்குத் தோன்றவில்லை. மறுநாள் காலை அண்ணன் போய்விட்டார்.

நோயை இன்னதென்று சொன்ன டாக்டருக்கும், ஆக்சிஜன் சிலிண்டரை மாடிக்குத் தூக்கி வந்த பக்கத்து வீட்டுக்காரர்களுக்கும், மதினியைத் தனியே விடாத உறவுகளுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

இன்னொருவருக்கும் நன்றி சொல்ல வேண்டும். பதினாறாம் நாள் காரியத்துக்கு வந்த அந்த நண்பர், தானும் அண்ணனும் எத்தனை ஆண்டுகள் அங்கே துளையிட்டார்கள் என்பதை என்னை எழுதச் சொல்லிக் கையெழுத்துப் போட்டார். அடுத்த வாரமே அவருக்கும் மகனுக்கும் வேலை போயிற்று. அந்தக் கையெழுத்தை வைத்து நாங்கள் அரசாங்கத்துக்குக் கொடுத்த மனு இன்னும் நிலுவையில்தான் இருக்கிறது. நண்பரின் நெஞ்சிலும் அதே கல்மாவுதான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். சிகிச்சைக்கு வரும்போதெல்லாம் மதினியைப் பார்க்க எங்கள் வீட்டுக்கு வருவார். இப்போது அவராலும் படியேற முடியவில்லை. நாங்கள்தான் கீழே இறங்கிப் போய்ப் பார்க்கிறோம்.