மணலியில் ஒரு தனி சீரியல்

"...அதே நடிகரு வேற பேர்ல வந்தா அது புது சீரியல், நைனா. பழைய சீரியல்ல ஓரமா இருந்த அதே ஆளு, அதே பேரு, அதே குசும்போட வேற வூட்டுக்குக் குடி போயி ஹீரோ ஆனாத்தான் ஸ்பின்-ஆஃப்" என்று மணலி புதுநகர் டீக்கடையில் என் தோஸ்து விளக்கிக்கொண்டிருந்தான். கடையே வாய் பிளந்து கேட்டது. அவன் முதுகுக்குப் பின்னால் நின்றிருந்த எனக்கு வயிறு எரிந்தது.

ராயபுரத்தில் நாங்கள் கூடும் டீக்கடையில் கதை சொல்வது நான்தான். இவன் பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்து, கடைசியில் ஒரே ஒரு வரி போடுவான். அதற்கு விழும் சிரிப்பையும் என்னுடையதாகவே நினைத்துக்கொள்வேன். போன மாதம் இங்கே குடிவந்தவன் பேச்சுத்துணை இல்லாமல் தவிப்பான், பாவம் என்றுதான் பார்க்க வந்தேன். இவனோ பெஞ்சின் நடுவில் இருக்கிறான்.

"அப்போ பழைய ஹீரோ இன்னா ஆவான்?" என்று ஒருவர் கேட்டார்.

"அவன் பாட்டுக்கு அங்க ஓடிகினு கீறான். எப்பனா ஒரு எபிசோடு இங்க வந்து தல காட்டுவான். அப்பதான் இது அங்கேர்ந்து கெளம்புனதுன்னு ஜனத்துக்குப் புரியும். ஆனா அன்னிக்கும் கதை புது ஹீரோவோடதுதான்."

எல்லோரும் சிரித்தார்கள். இந்தக் கூட்டத்தில் எனக்கு என்ன இடம் என்று தெரியவில்லை. பேசாமல் பஸ் ஏறிவிடலாம் என்று நினைத்தபோது திரும்பிப் பார்த்துவிட்டான்.

"இன்னா மாமு, எப்ப வந்தே?"

எனக்கும் ஒரு டீ சொன்னான். பிறகு நடுவை விடாமல் லேசாக நகர்ந்து, பெஞ்சின் ஓரத்தில் எனக்கு இடம் விட்டான்.