மாமியார் வயலுக்கு வந்த தண்ணீர் லாரி

புழுதியக்காவின் சொந்தப் பெயரைச் சொல்லி விசாரித்தால் பக்கத்து வீட்டுக்காரரே திருதிருவென்று முழிப்பார். மழைக்காலம் முடிந்து ஈரமெல்லாம் மண்ணுக்குள் இறங்கிய பிறகு அவள் தர்பூசணி விதைப்பாள். அதோடு சரி. உள்ளே முழுக்கத் தண்ணீர் வைத்திருக்கிற பழத்துக்கு, வெளியே ஒரு சொட்டும் ஊற்றமாட்டாள். மேல்மண்ணை மட்டும் கொத்திக் கொத்திப் புழுதியாக்கிக்கொண்டே இருப்பாள். அந்தப் புழுதிதான் போர்வை. அது இருக்கும்வரை அடியில் இருக்கிற ஈரத்தை வெயிலால் உறிஞ்ச முடியாது. வேர் ஈரத்தைத் தேடிக் கீழே இறங்கிவிடும். தலை முதல் கால் வரை தூசியோடு அவள் வீடு திரும்புவதைப் பார்த்து யாரோ ஒரு புண்ணியவான் வைத்த பேர் அது.

மண்ணுக்கு அவள் போடுகிற மூடி, அவள் வாய்க்குக் கிடையாது. அவள் திட்ட ஆரம்பித்தால் தபால்காரர் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போவார். கட்டிய பாவத்துக்கு முழுவதையும் வாங்கிக்கொள்வது அவள் புருஷன். பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ஊர்ப்பட்ட பயணிகளிடம் வாங்கிக் கட்டிக்கொண்டு மரத்துப்போன காது.

மகள், கல்யாணம் முடிந்து முதல் தடவையாக மாப்பிள்ளையோடு தங்க வந்தாள். வந்ததும் அம்மாவைச் சமையலறைக்குள் இழுத்துப் போனாள்.

"அம்மா, உன் வாயைப் பத்தி அவங்க வீட்டுல ஏற்கெனவே பேசறாங்க. அவரை நீ ஒரு வார்த்தை சொல்லிட்டா, அப்புறம் நான் அங்க தலை நிமிர முடியாது."

"நான் ஏண்டி சொல்லப் போறேன்?" என்றாள் புழுதியக்கா. மகளின் கண் கலங்கியிருந்ததைப் பார்த்து மனதாரத்தான் வாக்குக் கொடுத்தாள்.

மாப்பிள்ளை நல்ல பிள்ளை. ஆனால் பம்புசெட் விற்கிறவர். வயலைச் சுற்றிப் பார்த்தவருக்குச் சோறு இறங்கவில்லை. கிணறு இல்லை, மோட்டார் இல்லை, ஒரு குழாய்கூட இல்லை. மறுநாள் மாமியார் சந்தைக்குப் போன நேரம் பார்த்துத் தண்ணீர் லாரியை வரவழைத்தார். பாதி வயல் நனைந்ததோடு லாரி காலியாகிவிட்டது. அதுதான் அந்தக் குடும்பத்தின் நல்ல காலம்.

சந்தையிலிருந்து வந்தவள் வரப்பில் நின்றாள். புழுதிப் போர்வை பாதி வயலில் சேறாகிக் கிடந்தது. அது காய்ந்தால் இறுகும், இறுகினால் வெடிக்கும். வெடிப்பு வழியாக அடி ஈரமெல்லாம் போய்விடும். கொடி நின்ற இடத்திலேயே கருகும். அவளுடைய வருஷத்துச் சாப்பாடே அந்த வயல்தான். மாப்பிள்ளை பாராட்டுக்காகப் பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டு நின்றார். மகள் கையெடுத்துக் கும்பிடாத குறை.

புழுதியக்கா மூச்சை இழுத்துப் பிடித்தாள். பிறகு புருஷன் பக்கம் திரும்பினாள்.

"ஏங்க, உங்களுக்குப் புத்தி எங்க மேயப் போச்சு? நல்லா இருந்த வயலைக் குளமாக்கி வச்சிருக்கீங்களே. மீன் வளக்கப் போறீங்களா?"

கண்டக்டர் மகளைப் பார்த்தார், விஷயம் புரிந்தது. "ஏதோ ஆசையில ஊத்திட்டேன்" என்றார்.

மாப்பிள்ளையின் பல்லெல்லாம் உள்ளே போய்விட்டது. "ஆமா மாமா, நீங்க அத்தையை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்" என்றார் மெதுவாக.

இந்த அநியாயத்துக்கும் கண்டக்டர் தலையை ஆட்டி ஒத்துக்கொண்டார். அவருக்குக் கோயில் கட்டலாம்.

சேறு காலில் ஒட்டாமல், கல்லாகவும் ஆகாமல் இருக்கிற பதத்தில் கொத்தியாக வேண்டும். அந்தப் பதம் வந்த காலையில் நால்வரும் ஆளுக்கொரு களைக்கொத்தோடு இறங்கினார்கள். வரிசைக்கு வரிசை புருஷனுக்கு அர்ச்சனை நடந்தது. சோம்பேறி என்றாள், மண்ணைக் கொன்ற பாவி என்றாள். ஒவ்வொரு சொல்லுக்கும் மாப்பிள்ளையின் கழுத்து இன்னும் கொஞ்சம் தாழ்ந்தது. உள்ளங்கை கொப்பளித்தும் அவர் நிறுத்தவில்லை. கடைசி வரிசையை முடித்த புழுதியக்கா ஒரு கொடியின் பக்கத்தில் முழங்கை வரை கையை விட்டு மண்ணை அள்ளினாள். பிடித்தால் பிடியில் நின்றது. ஈரம் தப்பிவிட்டது. ஆனாலும் புருஷனை விடுவதாக இல்லை.

மாப்பிள்ளையால் அதற்குமேல் தாங்க முடியவில்லை. "அத்தை, மாமாவைத் திட்டாதீங்க. லாரியைக் கூப்பிட்டது நான்தான்."

"தெரியும் மாப்பிள்ளை" என்றாள் அவள். "கட்டின நாள்லேருந்து இந்த மனுஷன் ஒரு செம்புத் தண்ணி தானா மோந்து குடிச்சதில்ல. வயலுக்கா ஊத்தப் போறாரு?"

மகள் சிரித்துவிட்டாள். அந்தச் சிரிப்பைப் பார்த்துக்கொண்டே புழுதியக்கா இடுப்பில் கை வைத்தாள்.

"உங்களை ஒரு வார்த்தை சொல்லமாட்டேன்னு என் பொண்ணுக்கு வாக்குக் குடுத்திருக்கேன். நீங்களா ஒத்துக்கிட்டா அவ என்ன பண்ணுவா, பாவம்?"

அவள் ஆரம்பித்தாள். மாப்பிள்ளை தலையைக் குனிந்து வரப்போரம் ஒதுங்கினார். அங்கே உட்கார்ந்திருந்த கண்டக்டர் சற்று நகர்ந்து பக்கத்தில் இடம் விட்டார்.

"உக்காருங்க மாப்பிள்ளை. இத்தனை வருஷமா ஒத்தை ஆளா வாங்கிட்டிருந்தேன்."